கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்

அந்த ஐந்து தாள்களையும் அவர் ஒரு பிவிசி குழாய்க்குள் சுருட்டிவைத்துக் கொண்டுவந்திருந்தார். வீட்டில் தண்ணீர்க் குழாய் மாற்றியபோது மிஞ்சிய துண்டாம். இரண்டு முனையிலும் பழைய துணியை அடைத்திருந்தார்.

“தங்கச்சி, இதுக்குச் சட்டம் போடணும். ரொம்பப் பழசு. கையில பசை இருந்தா தொடச்சிட்டுத் தொடுங்க.”

தூத்துக்குடியில், பீச் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எனக்குப் படச்சட்டக் கடை. அப்பா ஆரம்பித்தது, அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணப் படம், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் படம், முருகன் படம், இறந்தவர் படம் என்று எல்லாம் வரும். குழாய்க்குள் சுருட்டிக்கொண்டு யாரும் எதையும் கொண்டுவந்ததில்லை. கையைத் துடைத்துவிட்டு முதல் தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் கண்ணாடித் துண்டுகளை வைத்தேன்.

வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். கடையின் ஷட்டருக்குக் குனிந்துதான் உள்ளே வரவேண்டும், அவ்வளவு உயரம். முப்பது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். அமெரிக்காவில் நிலக்கரி ஏற்றப் போன ஒரு துறைமுகத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது மாதா கோயில் வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்களாம். அங்கே வாங்கினவை.

அவை செய்தித்தாள்கள். படம் போட்ட வாரப் பத்திரிகைகளின் பக்கங்கள். போட்டோ அச்சடிக்க முடியாத காலம் என்பதால் எல்லாம் கோட்டுச் சித்திரம், மரத்தில் செதுக்கி மை தடவி அச்சடித்தது. கீழே இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால், அமெரிக்காவில் ஜனாதிபதியாக இருந்த ஒருவரை நாடகக் கொட்டகையில் சுட்டுக் கொன்ற கதை. முதல் தாளில் மாடியறையில் நாற்காலியில் அவர், பின்னால் கைத்துப்பாக்கியோடு ஒருவன். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அவர் கட்டிலில் சாகக் கிடக்கிறார், சுற்றிலும் ஆட்கள். இந்த இரண்டும் வெவ்வேறு பத்திரிகை. நான்காவதில் ஒரு கொட்டில் தீப்பிடித்து எரிகிறது. சுட்டவன் அதற்குள் ஒளிந்திருக்கிறான், வெளியே படை நிற்கிறது. ஐந்தாவதில் சவ ஊர்வலம். குதிரைகள், கொடிகள், கூரை மேலெல்லாம் தலைகள்.

“இவர் உங்களுக்கு யாரு அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“யாருமில்ல. படம் பிடிச்சிருந்துச்சி. இத்தனை வருசம் அலமாரி மேல கெடந்துச்சி. சாகுறதுக்குள்ள சொவத்துல மாட்டிப் பாத்திருவோமேன்னு தோணுது.”

ஒரு வாரம் தவணை சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு மத்தியானம் வேறு வேலை ஓடவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் நாட்டுத் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் கடையில் கூட்டம். பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து, இதுக்கு ஒரு சட்டம் போட்டுத் தாங்க அண்ணாச்சி என்று அப்பாவிடம் நின்றார்கள். மை கையில் ஒட்டும் என்று அப்பா ஒவ்வொன்றையும் வெயிலில் காயவைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காற்றில் பறக்காமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் படங்களை யார் எடுத்தார், எங்கே நின்று எடுத்தார் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. போட்டோ என்றால் அப்படியே இருந்தது என்றுதானே அர்த்தம். ஆனால் இந்தத் தாள்களைப் பார்த்ததும் அதுதான் முதலில் தோன்றியது. வரைந்தவன் அந்த அறையில் இருந்தானா?

அப்போதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். கட்டில் படம் ஒன்றில் மேலிருந்து கீழாக மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. கண்ணாடித் துண்டின் விளிம்பு கீறிவிட்டதோ என்று துண்டை எடுத்துவிட்டேன். மெல்லத் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை, மடிப்பும் இல்லை. சற்றுத் தள்ளி இன்னொரு கோடு. குறுக்காக ஒன்று. படம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது.

எதிர்க்கடையில் முத்து வாங்கி விற்கிற பாய் இருக்கிறார். முத்தின் தோலைப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு சின்ன லென்ஸ் உண்டு. அதைக் கேட்டேன். தருவதற்குப் பதில் அவரே எழுந்து வந்துவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இங்கன பாருங்க. இந்த ஆளு போட்டிருக்க சட்டை. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சாய்ச்சு சாய்ச்சு வெட்டியிருக்கு. அந்தப் பக்கம் குறுக்கும் நெடுக்கும் வெட்டியிருக்கு. ஒரே கை இல்ல இது. ரெண்டு பேரு செஞ்சிருக்கான்.”

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். கட்டிலின் கால்மாட்டில் நிற்கிற தாடிக்காரரின் இடது தோளை ஒருவன் செதுக்கியிருக்கிறான், வலது தோளை இன்னொருவன். ராத்திரி வீட்டில் போனில் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவ்வளவு பெரிய படத்துக்கு ஒரே மரத்துண்டு கிடைக்காதாம். சின்னத் துண்டுகளைத் திருகாணி போட்டு ஒன்றாக இணைத்து, அதன்மேல் படத்தை வரைந்து, பிறகு பிரித்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிடுவார்களாம். பத்திரிகை அவசரம். எல்லோரும் செதுக்கி முடித்ததும் மறுபடி சேர்த்து அச்சடிப்பது. சேர்த்த இடந்தான் அந்த வெள்ளைக் கோடு.

அப்படியானால் ஒருவனுக்குத் தலையணை மட்டும் வந்திருக்கும். ஒருவனுக்கு வெறும் சுவரும் ஒரு முழங்கையும் வந்திருக்கும். முழங்கையைச் செதுக்கியவனுக்கு அது யார் முழங்கை என்று தெரிந்திருக்குமா? இதை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் பண்டாரிக்குப் போன் செய்து சொன்னேன். அரை மணி நேரத்தில் சைக்கிளில் வந்துவிட்டார். பாயும் வந்தார். இரண்டு கட்டில் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்றில் பன்னிரண்டு பேர். இன்னொன்றில் எண்ண எண்ண ஆள் கூடிக்கொண்டே போய், இருபத்துமூன்றில் நிறுத்தினோம். ஒன்றில் மனைவி கட்டிலோரம் மண்டியிட்டிருக்கிறாள், மற்றதில் அவளையே காணோம். ஒன்றில் சுவரில் பூப்போட்ட காகிதம், மற்றதில் வெறும் சுவர். ஒரே ஆள், ஒரே சாவு, ஒரே அறை.

பண்டாரி வேறொன்றைக் கண்டுபிடித்தார். “இதுல கட்டில்ல குறுக்க கெடக்காரு பாருங்க. அதுல நேரா கெடக்காரு.”

“அதனால என்ன?”

“அந்தாளு நெட்டையன், தங்கச்சி. நானும் நெட்டையன். கப்பல்ல பங்குக் கட்டில்ல நேராப் படுத்தா காலு வெளிய நிக்கும். முப்பது வருசம் குறுக்கதான் படுத்தேன். குறுக்கப் போட்டு வரைஞ்சவன் உண்மையப் பாத்திருக்கான், இல்ல பாத்தவங்கிட்ட கேட்டிருக்கான்.”

நான் படித்ததிலும் அப்படித்தான் இருந்தது. கொட்டகைக்கு எதிரே ஒரு வாடகை வீட்டில், நீளம் போதாத கட்டிலில், மூலைக்கு மூலை குறுக்காகத்தான் கிடத்தினார்களாம். அறையும் சின்னது.

“அப்ப இருவத்துமூணு பேரு எங்கன நின்னான்?” என்றார் பண்டாரி.

நின்று பார்த்துவிடலாம் என்று பாய் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கும் ஆசையாக இருந்தது. கடை நடுவில் இருக்கும் நீள மேசையைக் கட்டிலாக வைத்துக்கொண்டோம். பண்டாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, படத்தில் இருந்த மாதிரியே குறுக்காகப் படுத்தார். டீக்கடைக்காரர் வந்தார். ஞானஸ்நானப் படம் வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே தலைமாட்டில் நின்றார்கள். தெருவில் லாரியை நிறுத்தி டயர் பார்த்துக்கொண்டிருந்த டிரைவரையும் கூப்பிட்டோம். வழியில் போன மூன்று பேர் என்னவென்று கேட்டுக்கொண்டு தாங்களாகவே உள்ளே வந்தார்கள். என்னோடு ஒன்பது பேர். பத்தாவது ஆள் வந்தபோது கண்ணாடி அடுக்கு ஆடியது, போதும் என்று நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் சிரிப்பாக இருந்தது. பிறகு தானாகவே எல்லோரும் அமைதியானோம். ஒரு பெரிய மனிதர் படுத்துக் கிடக்க, சுற்றி நின்றால் வேறென்ன செய்வது? அவர் கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“இறங்கிக்கிடுதேன்,” என்றார். முகம் மாறியிருந்தது.

ஆட்கள் போனபிறகும் அவர் போகவில்லை. டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட இன்னொரு படம் இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன்.”

அந்தப் படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து, உறையை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளைப் போட்டோ. கட்டிலில் வெள்ளை வேட்டி உடுத்து, மார்பில் ஜெபமாலை வைத்து ஒருவர் கிடத்தப்பட்டிருக்கிறார். பண்டாரியின் அப்பா. சங்கு குளித்தவர், நெஞ்சு நோவில் இறந்தவர். கட்டிலைச் சுற்றி மூன்று வரிசையாக ஆட்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், தெருக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள். தலைமாட்டில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் அக்கா.

“அப்ப நான் ரெண்டாவது தடவை கப்பல் ஏறியிருக்கேன். எங்கயோ நடுக்கடல்ல கெடக்கோம். தந்தி கப்பல் கம்பெனிக்குப் போயி, அங்கயிருந்து எனக்கு வர பதினெட்டு நாளு. ஊருக்கு வர நாலு மாசம். வந்ததும் அம்மா இந்தப் படத்தத்தான் எடுத்துக் கையில குடுத்தா. ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரும் இதுல நிக்கான். வேண்டாதவன்கூட நிக்கான். நான் ஒருத்தன்தான் இல்ல.”

அந்தத் துறைமுகத்தில் கட்டில் படத்தைப் பார்த்ததும் ஏன் கால் நின்றுவிட்டது என்று அவருக்கே அப்போது புரியவில்லையாம். மேசை மேல் படுத்திருக்கும்போதுதான் புரிந்ததாம்.

“நீங்க செத்தவங்களக் கல்யாணப் படத்துல சேத்துக் குடுக்கியள்லா?” என்று கேட்டார்.

கொடுக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று வரும். மகள் கல்யாணத்துக்கு இல்லாமல் போன அப்பாவைப் பட்டுவேட்டி கட்டி மணமேடையில் நிறுத்தித் தரச் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் அரை மணி நேர வேலை. பெற்றுக்கொள்ளும்போது அழுவார்கள். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரிந்ததில்லை.

“அது மாதிரி என்னைய இதுல சேத்துத் தாங்க. அந்தப் பேப்பர்க்காரன் பன்னெண்டு பேர இருவத்துமூணாக்கலையா? ஒருத்தனக் கூட்டுனா என்ன?”

பழைய மாலுமிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த தன் இளவயதுப் படத்தையும் கொண்டுவந்திருந்தார். டை கட்டி, கன்னம் ஒட்டி, நேராகப் பார்த்துக்கொண்டு ஒரு பையன். இறந்தவரை உயிரோடு நிற்பவர்களிடம் சேர்ப்பதும், உயிரோடு இருப்பவரைச் சாவுக்கட்டிலில் சேர்ப்பதும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியவில்லை.

“யாரு யாரு எங்கன நிக்காங்கன்னு தெரியணும் அண்ணாச்சி. இல்லன்னா யார நகத்தி உங்களுக்கு இடம் போடுறது? அக்கா இருக்காவளா?”

“புன்னக்காயல்ல இருக்கா.”

“ஒரு எட்டு போயிக் கேட்டுட்டு வருவோமே.”

சாக்குத்தான். எனக்கு அந்தப் படத்தை எடுத்த கதை தெரியவேண்டியிருந்தது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். முக்காணி தாண்டி வாழைத்தோட்டங்களும் உப்பங்கழியும் மாறி மாறி வந்தன.

அக்காவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “ஏலே, சொல்லாமக் கொள்ளாம வாரியே,” என்று தம்பியைக் கடிந்துவிட்டு, எனக்கு நாற்காலி போட்டார். நான் படத்தை மடியில் வைத்துக் கேட்டேன். யார் யார், எங்கே நின்றார்கள், தம்பியை எங்கே சேர்க்கலாம்.

அவர் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்.

“இது மறுநாளு எடுத்த படம்லா.”

“மறுநாளா?”

“சாவு முந்தின நாளு சாயந்தரம். படம் பிடிக்கிறவரு தூத்துக்குடியிலயிருந்து காலையில வந்தாரு. வீட்டுக்குள்ள இருட்டுன்னு கட்டில முத்தத்துக்குத் தூக்கிட்டு வரச்சொன்னாரு. பின்னால தெரியிதே, அது செவரில்ல. பாய்மரத் துணி. நம்ம தோணியில உள்ளது. அதக் கட்டித் தொங்கவிட்டோம். அப்புறம் தெருவுல நின்னவங்களயெல்லாம் கூப்பிட்டு, நீ இங்கன நில்லு, நீ அங்கன நில்லுன்னு அவருதான் நிறுத்துனாரு. இந்தா, இந்த ஆளு வீரபாண்டியன்பட்டணத்துக்காரன். அப்பாவ உயிரோட பாத்ததேயில்ல.”

பண்டாரி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அவர் சுவர் என்று நினைத்திருந்ததில் காற்று அடித்த சுருக்கம் இப்போது எனக்கே தெரிந்தது.

“அப்ப அப்பா சாகும்போது யாரு யாரு இருந்தா?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“அம்மா?”

“அம்மா கோயிலுக்குச் சாமியாரக் கூட்டிட்டு வரப் போயிட்டா. மழை. பெரியப்பா வைத்தியருக்குப் போனாரு. நமக்கு எளையது ரெண்டும் அடுத்த வீட்டுல. நான் மட்டும் கையப் பிடிச்சிட்டு இருந்தேன்.”

“எங்கிட்ட இதச் சொல்லவேயில்லயே.”

“நீ கேக்கலயே. படத்தப் பாத்து அழுதிட்டு, பேசாம எடுத்து வச்சிக்கிட்ட.”

வெளியே யாரோ வலையை உதறும் சத்தம். அக்காவே தொடர்ந்தார்.

“கடைசியில நல்ல தெளிவு. ‘என்ன காத்து அடிக்கி’ன்னு கேட்டாரு. கொண்டல்னு சொன்னேன், கெழக்குக் காத்து. ‘அப்ப அவன் எங்கன போயிருப்பான்’னாரு. எனக்கென்ன தெரியும்? சிலோனத் தாண்டி வந்துக்கிட்டிருக்கான்பா, நாளைக்குக் கரையேறிருவான்னு சொன்னேன். சரின்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சில்ல. அம்மா வாரது வரைக்கும் நான் யாரயும் கூப்பிடல. கூப்பிட்டா கையி விட்டுப்போயிரும்னு தோணிச்சி.”

பண்டாரி முழங்கையை முட்டியில் ஊன்றி, முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுதார் என்று சொல்லமுடியாது. மூச்சு நீளமாக வந்தது. அக்கா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். ஊளி மீன் குழம்பு. தம்பிக்குத் தலைப்பகுதியைப் போட்டார்.

சாப்பிடும்போது நான் போனில் அந்த இரண்டு கட்டில் படங்களையும் அக்காவுக்குக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, “இதுல பொண்டாட்டி எங்க?” என்று கேட்டார். அடுத்த அறையில் இருந்தாளாம், கதறுகிறாள் என்று வெளியே அனுப்பிவிட்டார்களாம், கடைசி மூச்சின்போது பக்கத்தில் இல்லையாம், நான் படித்தது இது என்று சொன்னேன். அவர் மீன்முள்ளை ஒதுக்கிவைத்துவிட்டு, “அப்ப அவ மண்டி போட்ட மாதிரி வரைஞ்சவன் அவளுக்காவ வரைஞ்சிருக்கான்,” என்றார். நான் அப்படி யோசித்திருக்கவில்லை. கூட்டிச் சொல்வதெல்லாம் பத்திரிகை விற்பதற்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஆத்தூர்ப் பக்கம் வரும்போது, “என்னையச் சேக்க வேண்டாம் தங்கச்சி,” என்றார். “அங்கன நிக்கதுல அக்காவத் தவிர ஒருத்தரும் அந்நேரம் அங்கன இல்ல. நான் மட்டும் எதுக்கு?”

கொஞ்ச தூரம் போனபின், “கேட்டிருக்காரு பாருங்க, என்னைய,” என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஐந்து தாள்களுக்கும் சட்டம் போட்டு முடித்தேன். அமிலமில்லாத அட்டை வைத்து, கண்ணாடி தாளில் படாமல் நடுவில் இடைவெளி விட்டேன். வெள்ளைக் கோடுகளை மறைக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். கட்டில் படங்கள் இரண்டும் இப்போது அவர் வீட்டு முன்னறையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. வருகிறவர்களை எண்ணச் சொல்லுகிறாராம். இருபத்துநாலு என்று பாய் சாதிக்கிறார், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு மூக்கு தெரிகிறதாம்.

அப்பா படத்தையும் சட்டம் போடக் கொடுத்தார். அதன் கீழே ஒரு சின்னக் காகிதப் பட்டை ஒட்டி, அதில் எழுதச் சொன்னார். என்ன எழுத என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “மறுநாள் காலை, முற்றத்தில் எடுத்தது,” என்றார். எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், சரி என்றார்.

அக்காவும் ஒரு பிரதி கேட்டிருந்தார். அதில் ஒன்றும் எழுதவேண்டாம் என்று போனில் சொன்னார். ஆட்கள் கேட்டால் தானே சொல்லிக்கொள்வாராம். நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கும் மீன் குழம்புதான்.